மேற்கோள் குறிக்குள் ஒரு கும்பகோணம்

போன மே மாதம் அக்கா மகள் எங்கள் வீட்டில் வந்து 15 நாள் தங்கினாள். 12ஆம் வகுப்புக்குப் போகிறாள், கணினி அறிவியல் பிரிவு. பள்ளி திறப்பதற்குள் பைதான் என்ற நிரல்மொழியைக் கொஞ்சம் பழகிவிட வேண்டும் என்று மடிக்கணினியும் கையுமாக வந்திருந்தாள். முதல் நாள் இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது: "சித்தி, ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கேன். அதையும் தப்புங்குது."

போய்ப் பார்த்தேன். பிரிண்ட்(“வணக்கம்”) என்று இருந்தது. வணக்கம் என்று திரையில் காட்டச் சொல்லும் ஆணை அது. பைதானின் ஆணைச் சொற்களை இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நீங்கள் அடித்துப் பார்க்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சரி, அந்த வரியில் எழுத்துப்பிழை இல்லை. அடைப்புக்குறி ஒழுங்காக மூடியிருந்தது. கோளாறு மேற்கோள் குறியில்தான். தோழி அனுப்பிய குறிப்பிலிருந்து வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தாள். அந்தக் குறிப்பு ஒரு சொற்செயலியில் அடிக்கப்பட்டது. நாம் அடிக்கும் நேரான குறியைச் சொற்செயலி தானாகவே வளைத்துவிடும். திறக்கும்போது ஒரு பக்கம் வளையும், மூடும்போது மறுபக்கம். அச்சில் பார்க்க அழகாக இருக்கும். பைதானுக்கு நேரான குறியைத்தான் தெரியும். வளைந்ததை அழித்துவிட்டு நேரானதை அடிக்கச் சொன்னேன். வணக்கம் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே சித்தி? பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு?"

அவள் அதைச் சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. மேற்கோள் குறிக்குள் வைக்கும் எழுத்துத் தொடரைச் சரம் என்பார்கள், ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங். பெரும்பாலான பாடங்களில் சரத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மேற்கோள் குறிக்குள் எழுத்துகளை வை, கூட்டல் குறி போட்டு ஒட்டு, நீளம் பார், அடுத்த பாடம். அது அத்தனை சுலபமான இடம் இல்லை என்பது என் அனுபவம். அதிலும் தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே தமிழ்ச் சரங்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்ளும் பல விஷயங்கள் தமிழில் உடனே வெளியே வந்துவிடும்.

முதலில் பெயர். சரம் என்ற சொல் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பூச்சரம், மணிச்சரம், பட்டாசுச் சரம் எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது: தனித்தனிப் பொருள்கள், ஒரு வரிசை, அந்த வரிசையைப் பிடித்துவைக்கும் நூல். கணினியில் உள்ள சரமும் அதுதான். எழுத்துகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் அது வேறு சரம்.

லிட்டரல் என்பதற்குப் பாடநூலில் நிலையுரு என்று போட்டிருக்கிறார்கள். நான் அவளிடம் சொன்னது, 'எழுதியது எழுதியபடி' என்று. நிரலில் 25 என்று எழுதினால் அது 25தான். எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, மதிப்பு அங்கேயே கண் முன்னால் நிற்கிறது. அது எண் நிலையுரு. எழுத்துகளை அப்படி மொட்டையாக எழுத முடியாது, ஏனென்றால் நிரலில் பெயர்களும் எழுத்துகளால்தான் ஆனவை. எது பெயர், எது சரக்கு என்று பிரித்துக்காட்ட ஒரு வேலி தேவை. அந்த வேலிதான் மேற்கோள் குறி.

இதைத் தமிழில் காட்டுவது சுலபம். 2008 டிசம்பரில் பைதான் 3 வந்ததிலிருந்து மதிப்புகளைப் போட்டுவைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவளை இப்படி அடிக்கச் சொன்னேன்:

ஊர் = "கும்பகோணம்"
பிரிண்ட்(ஊர்)
பிரிண்ட்("ஊர்")

முதல் பிரிண்ட் கும்பகோணம் என்று காட்டியது. இரண்டாவது ஊர் என்று காட்டியது. குறி இல்லாவிட்டால் ஊர் என்பது ஒரு பெயர். அந்தப் பெயரில் என்ன வைத்திருக்கிறோம் என்று பைதான் போய்ப் பார்க்கிறது. குறி இருந்தால் ஊர் என்பது ஊ, ர் என்ற எழுத்துகள், அவ்வளவுதான். மூன்றாவதாக, அவளாகவே பிரிண்ட்(கும்பகோணம்) என்று குறியில்லாமல் அடித்துப் பார்த்தாள். அப்படி ஒரு பெயர் வரையறுக்கப்படவில்லை என்று பிழை வந்தது. பிழைச் செய்தியைப் படித்தவள், "அது கும்பகோணம்கிறதை ஒரு ஆள் பேருன்னு நினைச்சுத் தேடியிருக்கு" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இல்லை.

பைதானில் ஒற்றைக் குறி போட்டாலும் இரட்டைக் குறி போட்டாலும் ஒன்றுதான், திறந்ததும் மூடுவதும் பொருந்தினால் போதும். ஆங்கிலப் பாடங்களில் ஒற்றைக் குறியைப் பற்றி நிறைய எச்சரிக்கை இருக்கும். அவர்கள் மொழியில் சொல்லுக்கு நடுவிலேயே மேற்கோள் மாதிரி ஒரு குறி வரும் என்பதால் சரம் பாதியில் மூடிக்கொள்ளும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வருவது உரையாடலில். ஒருவர் சொன்னதை இரட்டைக் குறிக்குள் எழுத வேண்டுமானால் வெளி வேலியை ஒற்றைக் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும்: 'பாட்டி "வா" என்றாள்'. சீ, ஜாவா போன்ற மொழிகளில் ஒற்றைக் குறி தனி எழுத்துக்கு, இரட்டைக் குறி சரத்துக்கு என்று வேறு ஏற்பாடு. அந்தப் பக்கம் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வேலி எப்போதும் இருந்ததல்ல. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில், மேற்கோள் குறி தரமாக வருவதற்கு முன், எழுத்துகளை நிரலில் வைக்க ஒரு முறை இருந்தது. முதலில் எத்தனை எழுத்து என்று எண்ணைப் போட வேண்டும், அப்புறம் 'எச்' என்ற எழுத்து, அதற்குப் பிறகு அத்தனை எழுத்துகள். துளையட்டை இயந்திரம் செய்த ஹெர்மன் ஹாலரித் பெயரால் ஹாலரித் மாறிலி என்று அதைச் சொல்வார்கள். எழுத்துகளை எழுதும் ஆள்தான் எண்ண வேண்டும், நடுவே விட்ட இடத்தையும் சேர்த்து. ஒன்று குறைத்து எண்ணினால் கடைசி எழுத்து வெளியே விழுந்துவிடும். ஃபோர்ட்ரான் 77இல் எழுத்துக்கென்று தனி வகை வந்து, மேற்கோள் குறியும் தரமான பிறகுதான் இந்தக் கணக்கு ஒழிந்தது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப கும்பகோணத்துக்கு என்ன எண் போடுவாங்க?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு, வருகிறேன் என்றேன்.

அதற்கு முன் எண்ணும் சரமும் மோதிக்கொள்ளும் இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. எல்லாரும் முதலில் விழும் பள்ளம் அது. இன்புட் ஆணையால் வயதைக் கேட்டு வாங்கி, அதோடு 1 கூட்டினால் பிழை வரும். விசைப்பலகையிலிருந்து வருவது எப்போதும் சரம்தான். 17 என்று அடித்தாலும் வருவது "17". "10" + "5" என்றால் "105". "5" * 3 என்றால் "555". சரத்துக்குக் கூட்டல் என்றால் ஒட்டுவது, பெருக்கல் என்றால் திரும்பத் திரும்ப ஒட்டுவது. சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் பைதான் மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது, "10" + 5 என்றால் "105" என்று கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். தொடங்கும் பிள்ளைக்குப் பைதானின் மறுப்புதான் நல்லது. தப்பு நடந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எதை எண்ணாக வைப்பது, எதைச் சரமாக வைப்பது என்பதற்கு நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இப்படி இரண்டைக் கூட்டினால் வரும் விடைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? வயதுக்கு உண்டு, விலைக்கு உண்டு. இரண்டு அஞ்சல் குறியீட்டு எண்களைக் கூட்டினால் என்ன வரும்? ஒன்றுமில்லை. கும்பகோணத்தின் 612001 பார்க்க எண் மாதிரி இருந்தாலும் அது ஒரு பெயர்தான். "612001" என்று சரமாக வைப்பதே முறை. தொலைபேசியின் எஸ்டிடி குறியீட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கும்பகோணத்துக்கு 0435. இதைக் குறியில்லாமல் பைதான் 3இல் எழுதினால், முன்னால் பூஜ்யம் வரக் கூடாது என்று நிறுத்திவிடும். பழைய பைதான் 2இல் நிறுத்தாது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அது எட்டடிமான எண்ணாக, அதாவது பத்துக்குப் பதில் எட்டெட்டாக எண்ணும் முறையில் எடுத்துக்கொள்ளும். 4 பெருக்கல் 64, 3 பெருக்கல் 8, கூட்டல் 5. ஆக 0435 என்று எழுதினால் 285 என்று போய் உட்காரும். சீ மொழியில் இன்றும் அப்படித்தான். அவள் காகிதத்தில் கணக்குப் போட்டு 285 வந்ததும், "அப்ப எழுதியது எழுதியபடி இல்லையே" என்றாள். சரியான கேள்வி. எண் நிலையுருவில் எழுதியது எண்ணாகப் படிக்கப்பட்டுத்தான் உள்ளே போகிறது. 007, 7 இரண்டும் எண்ணாகப் பார்த்தால் ஒன்றே. எழுதிய வடிவம் அப்படியே வேண்டுமென்றால் சரம்தான்.

இந்த வேறுபாட்டால் அறிவியல் உலகமே பெயர் மாற்றியிருக்கிறது. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்று சில இருந்தன. ஆய்வாளர்கள் அட்டவணை மென்பொருளில் அந்தப் பெயர்களை இட்டால், அது தேதி என்று நினைத்துக்கொண்டு மார்ச் 1ஆம் தேதி, செப்டம்பர் 1ஆம் தேதி என்று மாற்றிவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளிலேயே இந்தத் தவறு பரவியிருந்தது. மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், இப்படித் தேதியாக மாறக்கூடிய பெயர்களை மாற்றிவிட்டதாகச் சொன்னது. செப்ட்1 இப்போது செப்டின்1. மேற்கோள் குறி இல்லாத இடத்தில் கணினி ஊகித்துக்கொள்கிறது. குறியைப் போட்டுவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் அன்றைக்குப் பார்த்தோம். சரத்தை எண்ணாக மாற்றும் இன்ட் ஆணைக்கு இன்ட்("௧௨") என்று தமிழ் எண்களைச் சரமாகக் கொடுத்தால் பைதான் 12 என்று சரியாகப் படிக்கிறது! அதையே குறியில்லாமல் நிரலில் எழுதினால் ஏற்காது. பத்தைக் குறிக்கும் ௰ போட்டால் சரத்திலும் ஏற்காது, அது இலக்கம் அல்ல, தனி எண்குறி என்பதால். அவள் இதைப் பாட்டிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள்.

வேலி போட்டுவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் ஒருமுறை ஊர்ப் பட்டியல் ஒன்றை இப்படி எழுதியிருந்தேன்: ["திருச்சி", "மதுரை" "கோவை"]. மதுரைக்குப் பின் காற்புள்ளி விட்டுப்போனது. பைதான் பிழை சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சர நிலையுருக்கள் இருந்தால் அவற்றைத் தானே ஒட்டிவிடும். என் பட்டியலில் திருச்சி, மதுரைகோவை என்று இரண்டே ஊர். நீளமான வாக்கியத்தைப் பல வரிகளாக உடைத்து எழுதுவதற்கு உதவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியலில் காற்புள்ளியை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

இன்னொன்று பின்சாய்கோடு. சரத்துக்குள் அது வந்தால் அடுத்த எழுத்துக்குத் தனிப்பொருள் வந்துவிடும். ஆங்கில 'என்' வந்தால் புது வரி, டீக்கு முதலெழுத்தாக வரும் 'டி' வந்தால் தத்தல், அதாவது டேப் இடைவெளி. விண்டோஸில் கோப்புறைப் பாதைகளில் பின்சாய்கோடு வரும் என்பதால் இங்கே பலர் மாட்டுவார்கள். 'என்'னில் தொடங்கும் கோப்புறை இருந்தால் பாதை நடுவில் இரண்டு வரியாக உடைந்துவிடும். நம் கோப்புறைப் பெயர் தமிழில் இருந்தால் உடையாது, தமிழ் எழுத்து எதற்கும் அப்படித் தனிப்பொருள் கிடையாது. ஆனாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். புதிய பைதான் எச்சரிக்கை காட்டுகிறது. மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தைப் போட்டால் பின்சாய்கோட்டுக்கு உள்ள சக்தி போய், எழுதியது எழுதியபடி இருக்கும்.

சரி, கும்பகோணத்துக்கு என்ன எண் போடுவார்கள்?

சரத்தின் நீளத்தைச் சொல்லும் ஆணை லென். லென்("கும்பகோணம்") என்று அடிக்கச் சொல்லும் முன், கையால் எண்ணச் சொன்னேன். கு, ம், ப, கோ, ண, ம். ஆறு. லென் சொன்னது 10. அவள் என்னைப் பார்த்தாள். அடுத்து "அம்மா" என்று போட்டுப் பார்த்தாள். மூன்று எழுத்துச் சொல்லுக்கு 5 வந்தது. "கணினி" என்று போட்டாள். அதுவும் மூன்றெழுத்துதான், அதற்கும் 5.

ஒவ்வொன்றாகப் பிரித்து அச்சிடச் சொன்னேன். க வந்தது. அதற்குக் கீழே தனியாக, ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு உகரக் குறி. அடுத்து ம. அடுத்து ஒரு புள்ளி வட்டமும் அதன் தலையில் புள்ளியும். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாம் ஓர் எழுத்து என்று சொல்லும் கு, கணினிக்கு இரண்டு பொருள்: க, அப்புறம் உகரக் குறி. ம் என்பதும் இரண்டு: ம, அப்புறம் புள்ளி.

உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் வைக்கும் பொது முறை யூனிகோட். அதில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு ஒதுக்கியது 128 இடங்கள், 2944இல் தொடங்குகிறது. க என்பது 2965. புள்ளி 3021. நம்மிடம் இருப்பதோ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. 247ஐ 128க்குள் வைக்க முடியாது, வைக்கவும் இல்லை. யூனிகோடில் இந்திய மொழிகளுக்கான ஏற்பாடு இஸ்கி என்ற இந்தியத் தர முறையைப் பின்பற்றி வந்தது. அதில் அகரம் ஏறிய க, ச, ட போன்றவைதான் அடிப்படை. அதன்மேல் குறிகளை ஏற்றி மற்றவற்றை உண்டாக்க வேண்டும்.

"எங்க தமிழ் மிஸ் நேர்மாறால்ல சொன்னாங்க? க்-உம் அ-வும் சேந்தாதானே க?"

இந்த ஒரு கேள்விக்காகவே தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். நம் இலக்கணத்தில் மெய் முதலில் நிற்கிறது, உயிர் வந்து அதோடு சேர்கிறது. யூனிகோடில் க தனியாக நிற்கிறது, அதன்மேல் புள்ளியை வைத்தால்தான் க் கிடைக்கிறது. இலக்கணம் அகரத்தைச் சேர்த்துச் செய்வதை யூனிகோட் அகரத்தை நீக்கிச் செய்கிறது. தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் கொடுக்க வேண்டும் என்று நெடுநாள் வாதாடியவர்கள் இருந்தார்கள். டேஸ்16 என்ற முறை அப்படிப்பட்டதுதான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக ஏற்றது. ஆனால் நம் கைப்பேசியிலும் இணையத்திலும் ஓடுவது யூனிகோட்தான் என்பதால், அதன் கணக்கைப் புரிந்துகொள்வதே நமக்கு வழி.

கணக்கு இதோடு முடியவில்லை. கோப்பில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ஆக கும்பகோணம் 30 பைட். நம் கண்ணுக்கு 6, பைதானுக்கு 10, கோப்புக்கு 30. மூன்றும் சரியான விடைதான். பூக்காரம்மாவிடம் முழக் கணக்கில் கேட்டால் ஒரு எண், பூக் கணக்கில் கேட்டால் வேறு எண், எடை போட்டால் இன்னொன்று. என்ன அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணில் முடிந்துவிடுவதால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு இருப்பதே வெகுநாள் தெரியாது.

இனி என் சொந்தக் கதை. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு வாசகசாலை நடத்துகிறோம். உறுப்பினர் பட்டியல் இரண்டு கோப்புகளில் இருந்தது. ஒன்று வெகுகாலம் முன்பு பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. இன்னொன்று சமீபத்தில் கைப்பேசியில் அடித்தது. இரண்டையும் சேர்த்து, எந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ண ஒரு சின்ன நிரல் எழுதினேன். விடையில் கும்பகோணம் 41 என்று ஒரு வரி, கும்பகோணம் 17 என்று இன்னொரு வரி. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். முன்னால் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்குமோ என்று நீக்கிப் பார்த்தேன். இரண்டும் கும்பகோணம்தான்! ஒன்றுக்கொன்று சமமா என்று பைதானைக் கேட்டால், இல்லை என்றது.

இரவு வெகுநேரம் கழித்துத்தான் லென் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒன்றுக்கு 10, மற்றதற்கு 11.

வித்தியாசம் கோ-வில் இருந்தது. கோ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறி. அல்லது க, அதோடு ஏகாரத்துக்கான இரட்டைச் சுழிக் கொம்பு, அதோடு கால். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பழைய எழுத்துருக்களில் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடிப்போம். மாற்றும் மென்பொருள் கொம்பை க-வுக்குப் பின்னால் தள்ளி வைத்தது, ஆனால் கொம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. அதனால்தான் எங்கள் வாசகசாலையில் இரண்டு கும்பகோணம்.

இதற்கு மருந்து பைதானிலேயே இருக்கிறது. யூனிகோட்டேட்டா என்ற நிரல்தொகுதியில் நார்மலைஸ் என்ற செயல்பாடு. அதற்கு என்எஃப்சி என்ற வடிவத்தைச் சொன்னால் பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒற்றைக் குறியாக்கிவிடும். இரண்டு கோப்பையும் அதில் போட்டு எடுத்தேன், கும்பகோணம் 58 என்று ஒரே வரி வந்தது.

இந்தக் கதையை அக்கா மகளிடம் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு சோதனை காட்டினேன். கோ என்ற பெயரில் ஒரு மாறியை ஒற்றைக் குறி முறையில் எழுதி அதில் 5 வைத்தேன். அடுத்த வரியில் அதே பெயரைக் கொம்பும் காலும் பிரிந்த முறையில் எழுதி அச்சிடச் சொன்னேன். 5 வந்தது. பைதான் பெயர்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்கிறது. இப்போது அதே இரண்டு வடிவத்தையும் மேற்கோள் குறிக்குள் வைத்துச் சமமா என்று கேட்டேன். இல்லை.

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியில இருந்தா திருத்துது. உள்ள இருந்தா தொட மாட்டேங்குது."

ஆமாம். மேற்கோள் குறி போட்டால் மொழி நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. நீ வைத்ததை வைத்தபடி வைத்திருப்பேன், அழகுபடுத்த மாட்டேன், ஊகிக்க மாட்டேன், சேர்க்க மாட்டேன். வைத்தது என்ன என்று தெரிந்துகொள்வது நம் வேலை.

அதற்கப்புறம் அவளாகவே தோண்ட ஆரம்பித்தாள். "திருச்சிராப்பள்ளி"யில் முதல் ஐந்தை வெட்டி எடுத்தாள். திருச் வரவில்லை, திருச என்று வந்தது; புள்ளி வெட்டுக்கு வெளியே போய்விட்டது. சில செயலிகளில் தமிழ்ப் பெயர்கள் கடைசியில் புள்ளியில்லாமல் முடிவது இப்படித்தான். ஊர்களை வரிசைப்படுத்தினாள். மதுரை, மன்னார்குடி, மயிலாடுதுறை என்று வந்தது. நம் அகரவரிசையில் ன கடைசி எழுத்து, ஆகவே மயிலாடுதுறைக்குப் பிறகுதான் மன்னார்குடி வர வேண்டும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்த எண்ணே ன-வுக்கு. வரிசைப்படுத்துவது எண்ணைப் பார்த்துத்தான்.

சரத்தின் முதல் எழுத்தை மட்டும் மாற்றப் பார்த்து ஒரு பிழையும் வாங்கினாள். பைதானில் சரத்தை உண்டாக்கிவிட்டால் அதில் ஒரு குறியைக்கூட மாற்ற முடியாது. மாற்றியது போல் தெரியும் எந்தச் செயல்பாடும் உண்மையில் புதிய சரம் ஒன்றைக் கட்டிக் கையில் கொடுக்கிறது. பழையது அப்படியே இருக்கும். இதைத் தொடக்கத்தில் மறந்துவிட்டு, நீக்கு என்றேனே ஏன் நீங்கவில்லை என்று திகைப்பவர்கள் நிறைய. புதிய சரத்தை ஒரு பெயரில் பிடித்துவைக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது பாடப் பயிற்சியில் ஒரு கேள்வி: கொடுத்த சொல் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்கப்படுமா என்று சோதி. தமிழில் இதற்கு மாலைமாற்று என்று பெயர் இருக்கிறது, அதில் பாட்டே கட்டியிருக்கிறார்கள் என்றேன். அவள் முதலில் போட்ட சொல் விகடகவி. சரத்தைத் திருப்பி, பழையதோடு சமமா என்று பார்க்கும் ஒரே வரி நிரல். விடை: இல்லை.

எத்தனை தலைமுறையாகப் பிள்ளைகள் சொல்லி விளையாடும் சொல். திருப்பிய சரத்தை அச்சிட்டுப் பார்த்தோம். தொடக்கத்திலேயே இகரக் குறி ஒன்று பிடிக்க எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்கியது; ககரத்தில் ஒட்டக்கூடாத இகரம் ஒட்டியிருந்தது. வி என்பதில் இரண்டு பொருள், திருப்பும்போது குறி முன்னால் வந்துவிட்டது. இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் வரை உட்கார்ந்து அவளே ஒரு செயல்பாடு எழுதினாள். சரத்தில் ஒவ்வொரு குறியாகப் போவது. அது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டுவது, இல்லாவிட்டால் புது எழுத்தைத் தொடங்குவது. குறி எந்த வகை என்று யூனிகோட்டேட்டாவே சொல்லும். அதன் வகைப்பெயர் ஆங்கில 'எம்'மில் தொடங்கினால் ஒட்டும் குறி. ஏழெட்டு வரிதான். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இதில் உடைந்துவிடும் என்பதையும் அவளே கண்டுபிடித்து, ஓரமாகக் குறித்துவைத்தாள். இந்த வேலைக்கு ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை வேண்டுமென்றே பிறகுதான் சொன்னேன்.

கும்பகோணம் இப்போது 6. விகடகவி 5. எழுத்துப் பட்டியலைத் திருப்பிச் சமமா என்று கேட்டாள். ஆமாம் என்று வந்தது. கூடத்திலிருந்து கத்தினாள். அக்காவும் தொலைபேசியில் அதைக் கேட்டாள். அடுத்து குடகு, ஆமாம். அடுத்து திகதி, ஆமாம். பிறகு "தேரு வருதே" என்று அடித்தாள். இல்லை என்று வந்தது.

நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவள் பட்டியலை அச்சிட்டிருந்தாள். தே, ரு, ஒரு வெற்றிடம், வ, ரு, தே. விரலை அந்த வெற்றிடத்தின் மேல் வைத்துக்கொண்டு, "இதுவும் சரத்துல ஒரு பூதான், இல்ல சித்தி?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இடைவெளி இல்லாத ஒரு புதிய சரத்தைக் கட்டி, அதற்குத் தேர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைச் செயல்பாட்டுக்குள் கொடுத்தாள். மேற்கோள் குறி போடவில்லை.